அரிதாரம் பூசாத வேஷம்

எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் உற்சவத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் பகலில் சைக்கிள் கடை வைத்திருந்தார். இரவு முழுவதும் கிரீடமும் புஜகீர்த்தியுமாக நின்று உறுமுவார். விடிந்ததும் பம்புசெட்டில் குளித்து, அரிதாரத்தைக் கழுவிவிட்டு, பஞ்சர் ஒட்டப் போய்விடுவார். அவரைப் பொய்யர் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. முகத்தில் பூசிய அரிதாரமே, ‘இது வேஷம்’ என்று எல்லோருக்கும் சொல்லிவிடுகிறதே!

கதை எழுதும் என் தொழிலும் அந்த வகைதான். தலைப்பின் கீழே ‘சிறுகதை’ என்று போட்டுவிட்டால், அப்புறம் நான் சொல்கிற பொய்கள் என் பாவக் கணக்கில் ஏறுவதில்லை. ஆனால் அரிதாரம் பூசாமல் நான் கட்டிய ஒரு வேஷத்தைப் பற்றி இன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த வாத்தியார் சென்ற வருஷம் காலமானார். செய்தி வந்தபோது இரவு ஒன்பது மணி. ஊருக்கு நான்கு மணி நேரப் பஸ் பிரயாணம். புறப்பட்டிருக்கலாம். புறப்படாமல் கைப்பேசியை எடுத்து, முகநூலில் இரங்கல் எழுத உட்கார்ந்தேன். துக்கம் உண்மை, கண்ணில் நீர் வந்ததும் உண்மை. ஆனால் எழுத எழுத, துக்கத்தைவிட வாக்கியம் பெரிதாகிவிட்டது. கல்லூரியில் சேரப் பணமில்லாமல் 1998-ல் அவர் வாசலில் நான் நின்ற நாளை எழுதினேன். அவர் தம் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி, என் உள்ளங்கையில் வைத்து மூடினார் என்று எழுதினேன். அப்படி நடக்கவில்லை. பணம் கிடைத்தது நிஜம். மோதிரம் என் சரக்கு. வாக்கியம் அந்த இடத்தில் ஒரு மோதிரத்தைக் கேட்டது, கொடுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால் 1,200 பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். அடக்கத்துக்கு நான் போகவில்லை. ‘அதுதான் எழுதியாகிவிட்டதே’ என்று மனசு சமாதானம் சொல்லிற்று.

இது என் ஒருவனுடைய வியாதி என்றால் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. முகநூலில் விருப்பப் பொத்தான் வந்தது 2009 பிப்ரவரியில். அதற்குப் பிறகு நம் சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் கையோடு மார்க்குக் கிடைத்துவிடுகிறது. மார்க்குக்காகப் படிக்கிற பையனுக்குப் பாடம் எப்படி மனசில் தங்கும்? பொதுவாழ்வில் இருப்பவர்களுக்கு இந்தச் சபலம் முன்பே உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, நிவாரணப் பொட்டலங்களின் மேல் தலைவரின் படம் ஒட்டப்பட்ட செய்தி பத்திரிகைகளில் வந்தது. அன்று அதைப் படித்து நாம் முகம் சுளித்தோம். இன்று பிச்சைக்காரருக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கித் தந்தால்கூட, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். ஒட்டுகிற படம் நம்முடையது என்பதால் முகம் சுளிக்கத் தோன்றவில்லை.

‘இவர் அசல் ஆசாமிதான்’ என்று காட்டுவதற்காக ட்விட்டர் 2009-ல் ஓர் அடையாளக் குறியைக் கொண்டுவந்தது. 2022 நவம்பரில், மாதம் 8 டாலர் கட்டினால் அந்த நீலக் குறி யாருக்கும் கிடைக்கும் என்றாயிற்று. சில நாட்களுக்குள், எலி லில்லி என்ற மருந்துக் கம்பெனியின் பெயரில் யாரோ ஒருவர் குறியை வாங்கிக்கொண்டு, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது அசல் கம்பெனி! அடுத்த வருஷம், 2023-ல், மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது ‘ஆதென்டிக்’ என்ற ஆங்கிலச் சொல்லை. அசல், மெய்யானது என்று அர்த்தம். அகராதியில் அதைத் தேடிப் பார்த்தவர்கள் அவ்வளவு பேர். வீட்டில் கண்ணெதிரே இருக்கிற பொருளை யார் தேடப் போகிறார்கள்?

அப்படியானால் ஊர் பார்க்க எடுக்கிற கோலம் எல்லாமே பொய்தானா? 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்த காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். சிலருக்கு அது நாடகமாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் 1931-ல் லண்டன் போய் அரண்மனையில் மன்னரைச் சந்தித்தபோதும் அந்த எளிய உடைதான். 1948-ல் உயிர் பிரிந்தபோதும் அதுதான். 26 வருஷம் குளிரும் வெயிலும் அந்த உடம்பில்தான் பட்டன. அதை வேஷம் என்று எப்படிச் சொல்வது? தமிழில் மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்றுதான் தோன்றுகிறது.

என் உடம்பு துக்க வீட்டுக்குப் போய்ச் சேர நாற்பது நாள் ஆயிற்று.

வாத்தியாரின் மனைவி காப்பி கொடுத்தார். “நீ எழுதினதைப் பேரன் படிச்சுக் காட்டினான், தம்பி. எல்லாரும் அழுதோம்” என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “அந்த மோதிரந்தான்...” என்று இழுத்தார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

“அவர் கையிலே நான் என்னிக்குப்பா மோதிரம் பார்த்தேன்? பெரிய மருமக கேட்டா, ‘மாமா அதை அப்புறம் மீட்டாங்களா, இப்ப யாருகிட்ட இருக்கு’ன்னு. பெரியவனுக்குக் கொடுத்துட்டேன்னு சின்னவன் நினைக்கிறான். சின்னவனுக்குக் கொடுத்துட்டேன்னு பெரிய மருமக நினைக்கிறா. பத்து நாளா அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு இல்லை.”

“மோதிரமே கிடையாதுன்னு நீங்க சொல்லியிருக்கலாமே, அம்மா?”

“சொன்னா, நீ பொய் எழுதினேன்னு ஆயிடுமேப்பா!”

1998-ல் நடந்தது இதுதான்: வாத்தியார், “கையில் இல்லையப்பா” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டார். நான் தெருமுனையைத் தாண்டுவதற்குள் இந்த அம்மாள் பின்னால் ஓடிவந்தார். முந்தானையில் முடிந்திருந்த பால் பணம் 600 ரூபாயை அவிழ்த்துக் கொடுத்து, “அவருக்குத் தெரிய வேண்டாம், தன்னால முடியலையேன்னு மனசு கஷ்டப்படுவார்” என்றார். அவ்வளவு உருக்கமான என் இரங்கலில் அந்த அம்மாள் ஓர் இடத்திலும் இல்லை.

அன்றிரவு ஊரிலேயே ஒரு நண்பர் வீட்டில் தங்கினேன். முகநூலில் உண்மையை எழுதித் தவற்றை ஒப்புக்கொண்டேன். ‘எத்தனை நேர்மை! யாருக்கு வரும் இந்தத் துணிச்சல்?’ என்ற மாதிரி பாராட்டுகள் வரத் தொடங்கின. சத்தியமாகச் சொல்கிறேன்: படிக்கப் படிக்க எனக்கு உள்ளூர இனித்தது. இனித்த பிறகுதான் பயம் வந்தது. தவற்றை ஒப்புக்கொள்வதையும் ஒரு கிரீடமாகத் தலையில் வைத்துக்கொள்ள முடிகிறதே!

காலையில் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் இருவரையும் வரச்சொல்லி, “மோதிரம் கிடையாது. அது நான் கட்டிவிட்ட கதை” என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். முகநூலில் பத்து நிமிஷத்தில் எழுதியதை அங்கே சொல்லி முடிப்பதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. சின்னவர், “எங்க அம்மாவைச் சந்தேகப்பட வச்சிட்டீங்களே, சார்” என்றார். அங்கே என்னைப் பாராட்டுவார் யாருமில்லை. புறப்படும்போது அம்மாள் மட்டும், “சாப்பிட்டுட்டுப் போ, தம்பி” என்றார். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு என்னை உத்தமன் என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம். நல்லதற்குப் போகாவிட்டாலும் கெட்டதற்குப் போக வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். நீங்கள் போகாமல் பாக்கி வைத்திருக்கிற துக்க வீடு ஏதாவது இருந்தால், அந்த நேரத்தில் அங்கே ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.