பேரிங் சாகும் வழிகள்

மழை விட்டு, தெருவில் தேங்கிய தண்ணீர் வடிந்து, ஊர் அதை மறந்த பிறகுதான் பெரம்பூர் பக்கத்துப் பட்டறைகளில் வீல் பேரிங் வேலை சூடு பிடிக்கிறது. டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போன வண்டி, பொங்கல் வாக்கில் ஊளையிட்டுக்கொண்டு வந்து நிற்கும். நான் போய் உட்கார்ந்திருந்த பட்டறைக்காரரைப் பையன்கள் ‘அண்ணே’ என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். “2015 வெள்ளம், அப்புறம் மிக்ஜாம் புயல். ரெண்டு தபாவும் தண்ணி வடிஞ்ச உடனே இன்ஜினைப் பார்த்தாங்க சார். சக்கரத்தை ஒருத்தரும் பார்க்கல” என்றார்.

அவருடைய கணக்கு எளிமையானது. நம் ஊரில் பேரிங் ஓடித் தேய்ந்து சாவது அபூர்வம். தண்ணீர் புகுந்து சாகும். இல்லையென்றால் மாட்டும்போதே சுத்தியல் பட்டுச் சாகும். இரண்டாவது வகைச் சாவுக்குக் காரணம் தன் தொழில்காரர்களே என்பதை அவர் மறைப்பதில்லை.

அன்று வந்தது பின்சக்கரம் ஆடும் ஒரு வண்டி. சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தார். ஆட்டம் தெரிந்தது. ஆனால் ஆடுவது ஹப்பா, ஸ்விங் ஆர்ம் புஷ்ஷா? பையனைச் சக்கரத்தை அசைக்கச் சொல்லிவிட்டு, ஹப்பும் ஆர்மும் சந்திக்கும் இடத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டார். ஆர்ம் அசையவில்லை, ஹப் மட்டும் அசைகிறது என்று விரல் சொல்லிவிட்டது. ஆக்சிலை உருவியபின் பேரிங்கின் உள்வளையத்தில் விரலை விட்டுச் சுற்றினார். என்னையும் சுற்றிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழுந்து வந்தது. வழித்தெடுத்த கிரீஸ் செங்கல் நிறத்தில் இருந்தது, துரு.

ஹப்பில் பேரிங் இரண்டு பக்கமும் உண்டு. நடுவில் ஒரு குழாய்: ஸ்பேசர். இதைக் கம்பியால் ஓரமாக நெட்டிவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து பஞ்ச் வைத்து உள்வளையத்தைத் தட்டி வெளியே தள்ள வேண்டும். ஒரே இடத்தில் அடித்தால் பேரிங் சாய்ந்து அலுமினியக் குழியைக் கீறும். அதனால் சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. அன்றைக்கு அது அசையவில்லை. பையன் பக்கத்து டீக்கடைக்கு ஓடி, கொதிக்கும் தண்ணீர் வாங்கி வந்து, ஹப்பின் மேல் துணியைச் சுற்றி ஊற்றினான். நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 70 டிகிரி சூடேறினால் 42 மி.மீ. அலுமினியக் குழி கிட்டத்தட்ட 0.07 மி.மீ. விரியும், எஃகு அதில் பாதி அளவுதான் விரியும். அந்த இடைவெளி போதும். அடுத்த தட்டில் பேரிங் தரையில் விழுந்தது.

விழுந்ததை அண்ணன் நேராகப் பழைய இரும்பு டப்பாவில் போட்டார். கழற்றிய பேரிங் நன்றாகச் சுற்றினாலும் திரும்ப மாட்டக் கூடாது என்பது அவர் விதி. உள்வளையத்தை அடித்தால் அந்த அடி உருண்டைகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போகும். ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். அதே காரணத்தால்தான் புதியதை மாட்டும்போது வெளிவளையத்தை மட்டும் அடிக்க வேண்டும். இதற்காக அவர் வைத்திருக்கும் கருவி, ஒரு பழைய பேரிங்கின் வெளிவளையம். குழிக்குள் சிக்காமல் இருக்க அதன் விளிம்பைக் கல்லில் லேசாகத் தேய்த்திருக்கிறார். உட்காரும் வரை மந்தமாக இருக்கும் தட்டுச் சத்தம், குழியின் அடியிலுள்ள படி தட்டியதும் கணீரென்று மாறும். பையன்களுக்கு அவர் முதலில் சொல்லித் தருவது அந்தச் சத்தத்தை.

ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்த பிறகு ஸ்பேசர். பிறகு மறுபக்கம், உள்வளையம் ஸ்பேசரைத் தொடும் வரை மட்டும். அதற்கு மேல் ஒரு அடி அதிகமானாலும் இரண்டு பேரிங்கும் பக்கவாட்டில் நெரிபடும். ஸ்பேசர் வெறும் குழாய்தானே என்று அலட்சியமாக நினைக்கிறோம். ஆக்சில் நட்டை முறுக்கும்போது அந்த இறுக்கம் முழுவதையும் தாங்குவது அதுதான். எங்கோ வேலை பார்த்து ஸ்பேசரைத் தொலைத்துவிட்டு அப்படியே மாட்டி அனுப்பிய வண்டி ஒன்று முன்பு இங்கே வந்ததாம். நட்டை முறுக்கினால் சக்கரம் சுற்றாது, தளர்த்தினால் ஆடும். “அந்தாளு மூணு தபா பேரிங் மாத்திட்டாரு சார். பேரிங் மேல ஒரு தப்பும் இல்ல.”

பின்சக்கரத்தில் செயின் ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் பேரிங் தனி. கஸ்டமர் கேட்பதில்லை, பலர் மாற்றுவதும் இல்லை. அது போனால் ஸ்ப்ராக்கெட் சாயும்; செயினுக்கு வேறு செலவு.

சாமான் வாங்க ஜி.பி. ரோட்டுக்குப் பையனோடு நானும் போனேன். சட்டைப்பையில் பழைய பேரிங் ஒன்று, சாம்பிளாக. அதன் முகத்தில் எண் இருக்கிறது. 6301 என்றால் கடைசி இரண்டு இலக்கம் துளையைச் சொல்லும்: 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம். 6201க்கும் அதே 12 மி.மீ. துளைதான், ஆனால் வெளிவட்டம் 32, 6301க்கு 37. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகள் அதைவிட முக்கியம். 2ஆர்எஸ் என்றால் இருபக்கமும் ரப்பர் சீல். அதையே என்எஸ்கே நிறுவனம் டிடியு என்றும், என்டிஎன் நிறுவனம் எல்எல்யு என்றும் பொறிக்கும். இசட்இசட் என்றால் தகடு. தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. சென்னைச் சக்கரத்துக்கு ரப்பர்தான். கடைக்காரர் ஒருவர் “சி3 தரேன், ஹெவி குவாலிட்டி” என்றார். சி3 தரக்குறியே அல்ல. உள்ளே உருண்டைக்கு விடும் இடைவெளி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று அர்த்தம். வண்டியில் ஏற்கெனவே சி3 இருந்தால் அதையே போடலாம், அவ்வளவுதான்.

எஸ்கேஎஃப் நிறுவனத்தின் பெயரில் போலி நிறைய. பெட்டி அச்சு அசலாக இருக்கும். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாமல் இருப்பதே நல்லது. பெட்டியைச் சரிபார்க்க அந்த நிறுவனமே கைபேசிச் செயலி தருகிறது. அண்ணன் அதைவிடத் தனக்குப் பழக்கமான ஒரே கடையை நம்புகிறார்.

கிரீஸ் விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் கொஞ்சம் வாக்குவாதம். புதிய பேரிங்கின் ரப்பரை ஊசியால் நெம்பி, உள்ளே இன்னும் கிரீஸ் அடைப்பது பல பட்டறைகளில் வழக்கம். அவரும் சில நேரம் செய்கிறார், “கஸ்டமருக்கு ஒரு திருப்தி” என்று. இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆலையில் உள்ளிடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நிரப்புகிறார்கள், வேண்டுமென்றேதான். முழுக்க அடைத்தால் கிரீஸ் கடைபட்டுச் சூடேறும், சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். டிரம் பிரேக் வண்டியில் அது பிரேக் ஷூவில் பட்டால் பிரேக்கே பிடிக்காது. நெம்பிய ரப்பரும் பழையபடி உட்காராது. எடைக்கு விற்கும் லூஸ் கிரீஸ் என்றால் இன்னும் மோசம். சாதாரணக் கால்சியம் கிரீஸ் 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகி ஒழுகும். லித்தியம் கிரீஸ் ஏறக்குறைய 180 வரை உருகாது. லித்தியம் கிரீஸ் இருக்கும் இடத்தில் பாலியூரியா வகையைக் கலந்தால் இரண்டும் இளகிவிட வாய்ப்புண்டு.

கிரீஸ் தேவைப்படும் இடம் வேறு: ஆக்சில் மேல் மெல்லிய பூச்சு, ஆயில் சீலின் உதட்டில் கொஞ்சம். என்எல்ஜிஐ 2 என்று டப்பாவில் போட்ட லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ் போதும். ஆயில் சீலைப் புதிதாகப் போடாமல் பேரிங்கை மட்டும் மாற்றுவதில் அர்த்தமில்லை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. தண்ணீர் முதலில் புகும் வாசல் அது.

வண்டிக்காரர் வந்தார். பேரிங் விலையைப் பார்த்துத் தலையாட்டியவர், கூலியைப் பார்த்ததும் பேரம் பேசினார். பாதி நாள் வேலை அது. கூலியைக் குறைக்கச் சொன்னால் குறைவது நேரம்தான். நேரம் குறைந்தால் டீக்கடைத் தண்ணீர் வராது, சுத்தியல்தான் பெரிதாகும். ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீல் பேரிங் மாற்றும்போது பெட்டியையும் ஆயில் சீலையும் கேட்டுப் பாருங்கள், சொன்ன கூலியைக் கொடுங்கள். வாட்டர் வாஷ் போகும் இடத்தில், பிரஷர் குழாயை ஹப்புக்கு நேராகப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.