காது இருக்கும் இடம்

ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது இடது காது மடல் உறுத்த ஆரம்பித்தது. வாலாஜாபேட்டை வருவதற்குள் பொறுக்க முடியாமல் வண்டியை ஓரங்கட்டி ஹெல்மெட்டைக் கழற்றினேன். மடல் சிவந்து, அதில் ஸ்பீக்கரின் விளிம்பு வட்டமாகப் பதிந்திருந்தது. பின்சீட்டில் வரும் மனைவியோடு ஏலகிரி வரை பேசிக்கொண்டே போகலாம் என்று ஆசையாக வாங்கிய இன்டர்காம். முந்தின இரவு நானே ஒட்டியது.

அடுத்த வாரம் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். சீட் கவர், லைட், ஹாரன் என்று வண்டிக்கு மாட்டக்கூடிய எல்லாம் கிடைக்கும் தெரு. ஒரு கடை வாசலில் முக்காலி போட்டு ஐம்பது வயதை நெருங்கிய ஒருவர் ஹெல்மெட்டுகளில் இன்டர்காம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதவிக்கு ஒரு பையன். ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக் காட்டிவிட்டுக் கழற்றப் போனேன்.

"கழட்டாதீங்க சார், போட்டுக்கிட்டே உட்காருங்க" என்றார். அடிப்பக்கமாக ஆள்காட்டி விரலை நுழைத்துக் காதுத் துளையைத் தேடினார். கண் எங்கோ பார்த்தபடி இருந்தது, பார்த்ததெல்லாம் விரல்தான். "துளை இங்க. ஸ்பீக்கர் ஒரு விரக்கடை பின்னால கிடக்கு. எல்லாரும் பள்ளத்துக்கு நடுவுல ஒட்டிடறாங்க. ஹெல்மெட்ல பள்ளம் எங்கன்னு பார்க்கக் கூடாது சார், காது எங்கன்னு பார்க்கணும்."

ஸ்பீக்கரின் விட்டம் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர். தடிமன் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் தடிமனுக்குப் பள்ளத்தில் இடம் இல்லையென்றால் மடல் நசுங்கும். ரொம்ப உள்வாங்கிப் போனாலோ சத்தம் எட்டாது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சலே 90 டெசிபலைத் தாண்டிவிடும். அதற்கு மேல் கேட்க வேண்டுமென்று வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனால் பாழாவது காதுதான்.

பையன் கன்னத்துப் பஞ்சை 'டப் டப்' என்று பட்டன் விடுவித்து எடுத்தான், பிறகு உள்துணியை. நான் சுருட்டிச் செருகியிருந்த மிச்ச ஒயர் நெற்றிப்பொட்டுக்கு நேராக முடிச்சாக நின்றது. அன்று வழியில் எனக்கு வந்த தலைவலிக்கு அப்போதுதான் காரணம் புரிந்தது. அவன் முடிச்சை அவிழ்த்து, கட்டைவிரல் நகத்தால் விளிம்போடு அழுத்தி அழுத்தி, பிடரிப் பக்கம் கொண்டுபோய்த் தட்டையாகப் பரப்பினான். பழைய வெல்க்ரோவை உரித்து மெல்லியதாக ஒன்று வெட்டி ஒட்டினான். அதிலேயே இரண்டு மில்லிமீட்டர் கிடைத்துவிட்டது. மைக்கைத் தாடைப் பகுதியின் உட்புறம், உதட்டில் படாத தூரத்தில் பதித்தான்.

இதற்கு நடுவே ஓர் இளைஞர் வந்தார். ஸ்பீக்கர் உட்காரட்டும் என்று உள்ளே இருந்த தெர்மாகோலைக் கத்தியால் குடைந்திருந்தார். பெரியவர் ஹெல்மெட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுல மாட்ட மாட்டேன் தம்பி. அடி வாங்கி நசுங்கறதுக்குன்னு இருக்கிறதே இந்தத் தெர்மாகோல்தான். வேற ஹெல்மெட் வாங்கு." ஐஎஸ் 4151 தரச்சோதனையில் தேறி ஐஎஸ்ஐ முத்திரையோடு வந்த ஹெல்மெட் அது. குடைந்த பிறகு முத்திரை மட்டும்தான் மிச்சம். வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினால் அன்றைய வரும்படி குறையும். தெரிந்தேதான் அனுப்பினார்.

இந்த வேலைக்குப் பல கடைகளில் தனிக் கூலி கிடையாது. பொருள் வாங்கினால் மாட்டித் தருவது இலவசம். பில்லில் கருவியின் விலை இருக்கிறது, அந்த விரலுக்கு ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கூலி என்று சொல்லியே கையில் கொடுத்தேன்.

"இப்பவே கிளம்பாதீங்க. போட்டுக்கிட்டுக் கால் மணி நேரம் உட்காருங்க. முதல் அஞ்சு நிமிஷம் காது பொய் சொல்லும்."

உட்கார்ந்தேன். கால் மணி கழித்துக் கழற்றச் சொல்லி, இரண்டு மடலையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் சுத்தம். வலது மடலின் கீழ் ஓரத்தில் லேசான கோடு. "சாருக்கு வலது காது கொஞ்சம் இறக்கம்டா" என்று பையனிடம் ஹெல்மெட்டை நீட்டினார். அவன் மறுபடியும் கன்னத்துப் பஞ்சைக் கழற்ற ஆரம்பித்தான்.