கண்ணுக்கு எட்டாத முகப்பு

அகமதாபாத்தின் பழைய நகரில் ஒரு வீட்டின் முகப்பை முழுதாகப் பார்ப்பது ஏறக்குறைய முடியாத காரியம். காலுப்பூர் சுவாமிநாராயண் கோயில் பக்கமிருந்து உள்ளே நுழையும் சந்து, போகப் போகக் குறுகிக்கொண்டே போகிறது. ஒரு ஸ்கூட்டரும் ஒரு பசுவும் எதிரெதிரே வந்துவிட்டால் மனிதர்கள் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்க வேண்டியதுதான். இரு பக்கமும் மரமும் செங்கல்லுமாகக் கட்டிய மாடி வீடுகள். மேல்தளங்கள் சந்துக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தால் தெரிவது முகம் அல்ல, மோவாய்: செதுக்கிய மரத் தாங்கிகளின் அடிப்புறம், மிச்சத்துக்குக் கொஞ்சம் வானம்.

இங்கேதான் கட்டடக்கலை மாணவர்கள் முகப்பு வரைபடம் போடக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். வீடு கட்டுகிறவர்கள் ‘எலிவேஷன்’ என்று சொல்வது இதைத்தான். கட்டடத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் எதிரே நின்று பார்ப்பதுபோல் வரைவது. தூரத்தில் இருப்பது சின்னதாகாது. உயரத்தில் இருப்பது சரிந்து சேராது. எந்தக் கண்ணும் ஒரு கட்டடத்தை அப்படிப் பார்ப்பதில்லை. காமிராவும் பார்ப்பதில்லை. அளந்தால் மட்டுமே கிடைக்கும் தோற்றம் அது. அதனால்தான், பின்னால் நகர்ந்து பார்க்கவே இடம் இல்லாத இந்தச் சந்துகள் நல்ல பள்ளிக்கூடமாகின்றன.

1411ல் அகமது ஷா நிறுவிய நகரம் இது. கதவு வைத்த தெருக்கூட்டங்களாக வளர்ந்தது. அந்தத் தெருக்கூட்டத்துக்குக் குஜராத்தியில் ‘போள்’ என்று பெயர். சபர்மதிக்கு அந்தக் கரையில், 1962ல் பாலகிருஷ்ண தோஷி தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளி இன்று செப்ட் பல்கலைக்கழகமாக இருக்கிறது. புதிய கட்டடங்களை வரையப் பயிலும் மாணவர்களுக்குப் பழைய வீடுகளை அளந்து பார்க்க ஆற்றைத் தாண்டினால் போதும்.

வேலை காகிதத்தில் தொடங்குவதில்லை. தண்ணீர் நிரப்பிய டியூப்பில் தொடங்குகிறது. டியூப்பின் ஒரு முனையை வீட்டின் இடது ஓரத்திலும் மறுமுனையை வலது ஓரத்திலும் பிடிக்கிறார்கள். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் இரண்டு பக்கமும் சாக்பீஸ் கோடு, நடுவில் நூல். தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் தினமும் செய்வதுதான். தரையை நம்ப முடியாது, சந்து சரிந்திருக்கும். வாசல்படியையும் நம்ப முடியாது, தேய்ந்திருக்கும். எல்லா உயரமும் அந்த நூலிலிருந்து மேலேயும் கீழேயும் அளக்கப்படுகிறது.

அகலத்தை அளப்பதில் இன்னொரு பாடம். தூண், கதவு, தூண், ஜன்னல் என்று துண்டு துண்டாக அளந்து கூட்டினால், ஒவ்வொன்றிலும் 5 மில்லிமீட்டர் பிசகினால்கூடப் பத்தாவது துண்டில் 5 சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கும். எனவே டேப்பை ஓர் ஓரத்தில் பிடித்து, எடுக்காமல் கடைசிவரை படித்துக்கொண்டே போக வேண்டும்.

பிறகு மேஜை. தரைப்படத்தைக் கீழே வைத்து அதிலிருந்து செங்குத்துக் கோடுகளை மேலே ஏற்றுகிறார்கள். வெட்டுத் தோற்றத்தைப் பக்கத்தில் வைத்து அதிலிருந்து உயரங்களைக் கிடைக்கோடுகளாக இழுக்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஜன்னல் பிறக்கிறது. 50ல் ஒரு பங்கு அளவில் 9 மீட்டர் வீடு 18 சென்டிமீட்டராகக் காகிதத்தில் அடங்குகிறது. தரைக்கோடு தடிமன், கட்டடத்தின் விளிம்பு அதைவிட மெலிது, செதுக்கு வேலைக்கு மயிரிழைக் கோடு.

இவ்வளவும் செய்த பிறகு முதல் வரைபடம் பெரும்பாலும் தட்டையாகத்தான் இருக்கும். சந்துக்குள் நீண்டிருக்கும் மாடி, சுவரோடு ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி தெரியும். ஆழத்தைத் திருப்பிக் கொண்டுவருவது நிழல். இடது மேல்மூலையிலிருந்து 45 டிகிரியில் வெயில் விழுவதாக வைத்துக்கொள்வது மரபு. 60 சென்டிமீட்டர் நீண்ட மாடி சுவரில் 60 சென்டிமீட்டர் நிழலை இறக்கும். நிழலைச் சரியாகப் போட, சுவர் எங்கே நிற்கிறது, மாடி எவ்வளவு நீள்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். முகப்பு வரைய வீட்டுக்குள் போகாமல் முடியாது என்பதை மாணவர்கள் அங்கேதான் உணர்கிறார்கள்.

உள்ளே போக அனுமதி வேண்டும். வாசலை ஒட்டிய ‘ஓட்லோ’ - தமிழ்நாட்டுத் திண்ணைக்கு உறவு - அதில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டி டேப்பைப் பார்த்ததும் கேட்கிறார்: “வீட்டை விலைக்குப் பேச வந்தியா, பேட்டா?”

“இல்லை, பா. வரையத்தான் வந்தேன்” என்கிறாள் மாணவி. வயதான அம்மாக்களை இங்கே ‘பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கேள்வியில் காரணம் இருக்கிறது. இளையவர்கள் ஆற்றின் மேற்குக் கரைக்குக் குடிபோய்விட்டார்கள். பல வீடுகள் கிடங்குகளாகிவிட்டன. செதுக்கிய தூண்களும் தாங்கிகளும் பழம்பொருள் சந்தைக்குப் போகின்றன. 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் நகரின் புதிய அடுக்குமாடிகள் பல சரிந்தன. செங்கல் சுவரை மரச்சட்டங்களால் கட்டிப்பிடித்திருந்த பழைய வீடுகளுக்கு அப்போது புது மதிப்பு வந்தது. 2017ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் இந்தப் பெருமை பெற்ற முதல் நகரம். ஆனால் கூட்டுச் சொத்தும் பழுதுபார்க்கும் செலவும் பட்டயத்தைப் பார்த்துக் குறைவதில்லை.

முகப்பு மட்டும் மிஞ்சினால் எப்படி இருக்கும் என்பதற்கும் இங்கே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. லாம்பேஷ்வர் போளில் குஜராத்திக் கவிஞர் தல்பத்ராமின் (1820-1898) வீடு இருந்தது. இன்று அந்த வீடு இல்லை. முகப்பை மட்டும் மாநகராட்சி திரும்ப எழுப்பியிருக்கிறது. ஓட்லோவில் கவிஞர் வெண்கலச் சிலையாக அமர்ந்திருக்கிறார். வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் முற்றம் இல்லை, முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி இல்லை, அடுக்களை இல்லை. முழு அளவில் எழுப்பி நிறுத்திய ஒரு எலிவேஷன் அது. எதுவுமே இல்லாமல் போவதைவிட மேல்தான். ஆனாலும் வீடு ஆகாது.

ஒரு வாரம் கழித்து மாணவி வரைபடத்தோடு திரும்பி வருகிறாள். மூதாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்க்கிறார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இங்கேதான் இருக்கிறார். வீட்டின் முகத்தை முழுதாக இப்போதுதான் பார்க்கிறார். விரல் ஒரு தூணில் போய் நிற்கிறது.

“இது சாய்ந்திருக்குமே, பேட்டா. நீ நேரா போட்டிருக்கியே?”

மாணவி தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு சந்தில் இறங்குகிறாள். நூல் அசைந்து நிற்கிறது. மேலே தூணுக்கும் நூலுக்கும் இடைவெளி இல்லை; கீழே மூன்று விரல் அகலம் இருக்கிறது. ஓட்லோவிலேயே உட்கார்ந்து அழிப்பானை எடுக்கிறாள்.