கேமராவுக்கு முன்னாடி நின்ற வாத்தியார்

வேலை மாற்றலில் உதய்ப்பூர் வந்து ஆறு வருஷமாச்சு. ஏரி, அரண்மனை பற்றியெல்லாம் நம்ம ஆட்கள் நிறைய எழுதிட்டாங்க. நான் சொல்ல வந்தது இந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடக் கதை.

இங்கே சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் பழங்குடி கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகள் நடத்தி வந்தது. வாத்தியார் வராவிட்டால் அன்றைக்குப் பள்ளியே கிடையாது. 2003-ல் எஸ்தர் டுஃப்ளோ (ஆமாங்க, 2019-ல் நோபல் வாங்கினவரேதான்) குழுவோடு சேர்ந்து பாதிப் பள்ளிகளுக்கு ஆளுக்கொரு கேமரா கொடுத்தார்கள். காலையில் ஒரு படம், முடியும்போது ஒரு படம். எடுப்பது மாணவன். இரண்டுக்கும் நடுவில் 5 மணி நேரமாவது இருக்கணும், படத்தில் 8 பிள்ளைகளாவது தெரியணும். தேதியை மாற்ற முடியாது. 10 நாள் வரை வந்தால் 500 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 50. கேமரா இல்லாத பள்ளிகளில் மாசம் 1000 ரூபாய், அவ்வளவுதான்.

கேமரா இல்லாத இடத்தில் வாத்தியார் வராத நாள் 42 சதவீதம். கேமரா இருந்த இடத்தில் 21. பிள்ளைகள் மார்க்கும் கூடியது.

"அப்ப எல்லாப் பள்ளிக்கும் கேமரா வெச்சுட வேண்டியதுதானே?" என்று கேட்பீங்க. இதே மாவட்டத்தில் 2006-ல் அரசு நர்சுகளுக்கு நேரம் பதியும் மெஷின் வந்தது. முதல் ஆறு மாசம் வருகை கூடியது. அப்புறம் மேலதிகாரிகளே 'விலக்கு நாள்' என்று தாராளமாக எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பதினாறு மாசத்தில் மெஷின் இருந்தும் இல்லாத மாதிரிதான். மெஷின் கெட்டுப் போகவில்லை, விதி கெட்டுப் போச்சு! சேவா மந்திரில் விதியை யாரும் வளைக்கவில்லை, சம்பளமும் அதோடு கட்டியிருந்தது. தவிர, அவர்கள் ஒப்பந்த ஆசிரியர்கள். சங்கம் உள்ள அரசு ஆசிரியரிடம் 50 ரூபாய்க் கணக்குப் பேசிப் பாருங்களேன்!

இதை மன்னார்குடி பக்கம் ஒன்றியப் பள்ளியில் வேலை பார்க்கும் அக்காவிடம் போனில் சொன்னேன். பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, நான் வந்தேனா வரலையான்னு கேமரா சொல்லும். வாக்காளர் பட்டியல் வேலைக்கு என்னை அனுப்பினது யாருன்னு சொல்லுமா?"

அவள் கேட்பதிலும் விஷயம் இருக்கு. 2003-ல் நாடு முழுக்கத் திடீர் சோதனை போனபோது அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நாலில் ஒருவர் இல்லை. ஆனால் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை 2017-ல் ஆறு மாநிலங்களில், ஏன் இல்லை என்றும் சேர்த்து விசாரித்தது. காரணமே இல்லாமல் வராதவர்கள் 2.5 சதவீதம்தான். மற்றவர்கள் லீவு, பயிற்சி, அரசு வேலை என்று போனவர்கள். இல்லாத வாத்தியார் என்றாலே ஏமாற்றுக்காரர் என்று நினைப்பது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது, அவ்வளவே.

அக்கா இப்போ காலையில் போனில்தான் வருகை போடுகிறாள். சிக்னல் இல்லாத நாளில் பள்ளிக்குப் பின்னாடி களத்துமேட்டில் ஏறி நிற்கணுமாம்.

"அந்த நேரம் கிளாஸை யாருக்கா பார்ப்பா?"

"அஞ்சாவது படிக்கிற லீடர்தான்" என்றாள்.