மாசி வந்த தீவுகள்



சம்பலுக்கு மாசி இடிக்கும்போது, அந்தக் கறுத்த துண்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்று எப்போதாவது எண்ணியதுண்டா? சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்துப் பல நூற்றாண்டுகளாக நமக்கு அனுப்பி வந்தவர்கள் மாலைதீவு மக்கள். மத்ரஸா விடுமுறையொன்றில் அவர்களது நாட்டைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கட்டுநாயக்காவிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான்.

சுமார் 1,190 தீவுகள். மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. பெரும்பாலான நிலம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீற்றர்கூட உயரமில்லை. 1153ஆம் ஆண்டு இஸ்லாத்தைத் தழுவிய நாடு இது. தலைநகர் மாலேயில் 1658இல் கட்டிய ஜும்ஆப் பள்ளியின் சுவர்கள் பவளக்கல்லாலானவை. அவர்களது தானா எழுத்தை வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். அதன் முதல் ஒன்பது எழுத்துக்களும் அரபு இலக்கங்களிலிருந்து பிறந்தவை என்றறிந்தபோது எனக்கு வியப்பாயிருந்தது.

1343இல் அங்கு சென்ற இப்னு பதூதா காதியாகவும் பணியாற்றினார். பாதம் கழுவிவிட்டு வீட்டுக்குள் நுழையும் அம்மக்களின் சுத்தத்தை அவர் புகழ்ந்தார். பெண்களின் உடையை மாற்ற அவரிட்ட கட்டளை மட்டும் பலிக்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் நம் நாட்டுக்கு வந்து பாவாதமலை ஏறியது நீங்கள் அறிந்ததே.

1972இல் முதலாவது உல்லாச விடுதி திறக்கப்பட்டது. ஆளில்லாத் தீவொன்றுக்கு ஒரு விடுதி என்பதே அன்றைய ஏற்பாடு. மதுவும் குளியலுடையும் அங்கேயே நின்றன. ஊர் ஊராகவே இருந்தது. ஆனால் வருமானமும் பெரும்பாலும் அங்கேயே நின்றது. வேலைக்குப் போன வாப்பாமார் மாதக்கணக்கில் பிள்ளைகளின் முகம் காணவில்லை. 2009இல் குடியிருப்புத் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி கிடைத்தது.

நான் தங்கியது அப்படியான ஓர் இல்லத்தில்தான். அந்த வீட்டு மூத்த தாயிடம், "இந்த மாற்றம் நல்லதா?" என்று கேட்டேன். கொழும்பில் படித்த அவரது மகன் சிங்களத்தில் மொழிபெயர்த்தார்.

"மாலேயில் வாடகை அறையில் கிடந்த என் மகன் வீடு திரும்பிவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அஸருக்குப் பின் நாங்கள் பெண்கள் கூடியிருந்து கயிறு திரித்த கரையை இப்போது வேலியடைத்து வெளிநாட்டாருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை."

மொழிபெயர்த்து முடித்த மகன் தலையைக் குனிந்துகொண்டார். நானும் ஒரு விருந்தாளிதானே! எனக்கும் பதில் வரவில்லை.

சகோதரிகளே! காதியின் கட்டளைக்கு மாறாத ஊர், கட்டளையே இல்லாமல் பணத்துக்கு மாறுகிறது. அந்தப் பணம் ஹராமான வழியில் வந்ததென்று சொல்லவும் முடியாது. ஒரு தாய்க்கு அவளுடைய மகனைத் திருப்பிக் கொடுத்ததும் அதுதான். ஆகவே கதவை அடைப்பது தீர்வல்ல. எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்பதை ஊரார் கூடி முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அந்த மஷூராவில் பெண்களின் சொல்லும் இருக்க வேண்டும். அந்தக் கரையைக் கொடுக்குமுன் அந்தத் தாயிடம் யாரும் கேட்கவில்லை.

நம் பொத்துவில், அறுகம்பைக் கரைகளுக்கும் இது பொருந்தும். நீங்கள் பிற ஊருக்குப் பயணம் போனாலும் இதை மறவாதீர்கள். கேட்காமல் படமெடுக்காதீர்கள், கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வாருங்கள். நாம் பார்க்கப் போகும் கரை, இன்னொரு தாயின் முற்றம்.