1949: நான்கு படங்களும் ஒரு ரசீதும்

ஹாலிவுட்டில் கறுப்பின மக்களின் கதை என்று பேச்செடுத்தால் நம் மாணவத் தோழர்கள் சிட்னி பாய்ட்டியரிலிருந்து தொடங்குகிறார்கள். அவருடைய முதல் முக்கியப் படம் வந்தது 1950இல். நான் ஓராண்டு பின்னே போகச் சொல்வேன்.

ஹிட்லரின் இனவெறியை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்கப் படையிலேயே கறுப்பினச் சிப்பாய்களுக்குத் தனிப் பிரிவுகள்தாம். 1948 ஜூலையில்தான் ட்ரூமன் அதற்கு முடிவுகட்ட ஆணையிட்டார். அடுத்த ஆண்டே நிறவெறி பற்றி நான்கு படங்கள் வந்தன. 'ஹோம் ஆஃப் தி பிரேவ்' முதலில் நாடகம். அதில் நாயகன் யூதன், படத்தில் கறுப்பினச் சிப்பாயாக்கினார்கள். போரில் கால் முடங்கிப்போன அவனை, மருத்துவர் அவனைக் குத்திய அதே வசைச்சொல்லால் ஆத்திரமூட்டி நடக்கவைக்கிறார். சிகிச்சை அவனுக்கு மட்டும்தான்.

'லாஸ்ட் பவுண்டரிஸ்' என்னைத் தூங்கவிடவில்லை. வெளிர்நிறக் கறுப்பின மருத்துவர் ஒருவர் நியூ ஹாம்ப்ஷையரின் சிற்றூரில் வெள்ளையராகவே வாழ்கிறார். உண்மைக் குடும்பம் ஒன்றின் கதை இது. பெற்ற பிள்ளைகளுக்கே விஷயம் தெரியாது. கடற்படையில் சேரப் போகும்போது உடைகிறது. வாடகைக்கு வீடு தேடிய நாட்களில் "சொந்த ஊர் எது, எந்தத் தெரு?" என்ற கேள்விக்கு நானும் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். பொய் ஒன்றுதான், ஆனால் யார் வீட்டுக்கு வந்தாலும் அதைக் காவல் காக்க வேண்டியிருந்தது. மருத்துவர் இருபது வருடம் காத்தார்.

அந்த வேடத்தில் நடித்தவர் மெல் ஃபெரர், வெள்ளையர். 'பிங்கி'யில் அதே நிலையிலுள்ள பெண்ணாக நடித்த ஜீன் கிரெயினும் வெள்ளையர். அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி இரு இனத்தாரின் காதலைத் திரையில் தடை செய்திருந்தது. பிங்கியின் காதலன் வெள்ளையன். நடிகை வெள்ளையராக இருந்தால் முத்தமும் கொடுக்கலாம், கதையும் சொல்லலாம், ரசிகர்களும் முகம் சுளிக்கமாட்டார்கள். பாட்டியாக நடித்த எத்தல் வாட்டர்ஸ் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஹாட்டி மெக்டானியலுக்குப் பிறகு அந்த இடம் பெற்ற இரண்டாவது கறுப்பினப் பெண் அவர்தான். இவ்வளவு பத்திரமாக எடுத்தும் டெக்சஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரில் 'பிங்கி'க்கு அனுமதி இல்லை. மீறித் திரையிட்டவருக்கு அபராதம். 1952இல் உச்ச நீதிமன்றம்தான் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. 'லாஸ்ட் பவுண்டரிஸ்' அட்லாண்டாவிலும் மெம்ஃபிஸிலும் தடை.

இந்த நான்கு படங்களும் கறுப்பின மக்களைப் பற்றியவையே அல்ல, வெள்ளையர் அவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பற்றியவை என்று எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் அப்போதே எழுதினார். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனாலும் நான்காவதில் ஒருவர் அந்தச் சட்டகத்துக்குள் அடங்காமல் நிற்கிறார்.

ஃபாக்னரின் நாவலை கிளாரன்ஸ் பிரவுன் அவருடைய ஊரான மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டிலேயே படமாக்கினார். அடித்துக் கொல்லக் கூடும் கூட்டமாக அந்த ஊர் மக்களே நின்றார்கள். லூகாஸாக நடித்த புவேர்ட்டோ ரிக்கோக்காரர் ஹுவானோ ஹெர்னாண்டஸுக்கு மற்ற நடிகர்களோடு தங்க இடமில்லை. கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கினார்.

ஓடையில் விழுந்த வெள்ளைக்காரச் சிறுவனை லூகாஸ் வீட்டுக்கு அழைத்துப்போய், துணி உலர்த்தி, சாப்பாடு போடுகிறார். பையன் காசை நீட்டுகிறான். அவர் வாங்கவில்லை. அவன் அதைத் தரையில் போடுகிறான். பொறுக்கி அவனிடமே கொடுக்கவைக்கிறார். எங்கள் வீட்டுச் செம்பில் தண்ணீர் குடிக்க யோசித்தவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றியது. தின்ற சோற்றின் கடனைத் தீர்க்க முடியாமல் அந்தப் பையன் படும் பாடுதான் பிறகு கதையை நகர்த்துகிறது. செய்யாத கொலைக்காக லூகாஸ் சிறையிலிருக்கும்போது ஆதாரம் தேடி நள்ளிரவில் கல்லறை தோண்டப் போவது அவன்தான்; கூட ஒரு கறுப்பினப் பையன், ஒரு மூதாட்டி. சிறை வாசலில் பெட்ரோலுடன் வருகிறவன் முன்னால் அதே மூதாட்டி தையல் வேலையோடு உட்கார்ந்திருக்கிறார்.

'பிங்கி' வசூலைக் குவித்தது. இந்தப் படம் ஓடவில்லை. லூகாஸ் அழுவதில்லை, கெஞ்சுவதில்லை. காசு கொடுத்து வந்த ரசிகர்களுக்கு இரக்கப்பட இடமே தருவதில்லை.

விடுதலையான பின் வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு வருகிறார். கட்டணம் வேண்டாம் என்கிறார் வழக்கறிஞர். லூகாஸ் விடவில்லை. கடைசியில் இரண்டு டாலர் என்று முடிவாக, சில்லறையை எண்ணி வைக்கிறார். வைத்த பிறகும் போகாமல் நிற்கிறார். ரசீதுக்காக.

அதை வாங்கிக்கொண்டு அவர் தெருவில் இறங்கியதும் மேலே நின்று வழக்கறிஞர் பையனிடம் மனசாட்சியைப் பற்றி ஏதோ விளக்குகிறார். எனக்கு அது காதில் விழவில்லை. கீழே அதே ஊர்க் கூட்டத்தின் நடுவே, யாருக்கும் ஒதுங்காமல், லூகாஸ் நடந்து போய்க்கொண்டிருந்தார்.