பன்னிரண்டு சுற்று

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைக் கடந்து வடக்கே சென்றால், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே கோலா தெர்லா வருகிறது. சாலையோரம் நெகிழிக் கூரையிட்ட காய்கறித் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் தேயிலை விளையும் சரிவுகள். 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்ட மலை இது. பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் இன்றும் இங்கே முட்டைக்கோசையும் தக்காளியையும் சுமந்துகொண்டு சேற்றுப் பாதைகளில் ஏறி இறங்குகின்றன.

அந்த வண்டிகளில் ஒரு வேடிக்கை உண்டு. வெளியே தெரியும் உடற்பகுதி பெரும்பாலும் அலுமினியக் கலவை. உள்ளே இருக்கும் பழைய பெட்ரோல் இயந்திரமோ வார்ப்பிரும்பு. அதன் சிலிண்டர் ஹெட்டும் வார்ப்பிரும்புதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டும்போது கைப்பலத்தைச் சற்று அதிகமாகக் காட்டினாலும் இரும்பு பொறுத்துக்கொள்ளும். அப்பா இறுக்குவதைப் பார்த்துப் பிள்ளையும் அப்படியே இறுக்கப் பழகினான். இன்று வீட்டு வாசலில் நிற்பது காப்சாய் மோட்டார் சைக்கிள். அதன் சிலிண்டர் ஹெட் அலுமினியக் கலவை. கைதான் இன்னும் இரும்புக் காலத்தை விட்டு வரவில்லை.

அப்படிப்பட்ட ஓர் இளைஞனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மலைப்பனி விலகாத விடியற்காலை. அப்பா வேலைக்குப் போக வேண்டிய வண்டி உதைத்து உதைத்தும் கிளம்பவில்லை. அவன் ஸ்பேனரை எடுத்துப் பிளக்கைக் கழற்றுகிறான். நுனியில் கரி படிந்திருக்கிறது. துடைத்துவிட்டுத் திரும்பப் போடுகிறான். இந்த வகை வண்டியில் சிலிண்டர் ஏறக்குறைய படுத்த நிலையில் இருக்கும். பிளக்கின் துளை பக்கவாட்டில், கால் மறைப்புத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். துளை நேராகக் கண்ணில் படாது. விரல் நுழையவும் இடம் குறைவு. பிளக் சற்றுச் சாய்வாக உட்கார்ந்ததை அவன் கவனிக்கவில்லை. உடனே ஸ்பேனரை மாட்டித் திருகுகிறான். இறுக்கமாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுக்கிறான். திடீரென்று கை இலேசாகிவிடுகிறது.

அந்த இலேசுதான் ஆபத்தின் அறிகுறி. உள்ளே மரை வழன்றுவிட்டது.

மரை என்பது திருகாணியிலும் அதன் துளையிலும் சுருள் சுருளாக வெட்டப்பட்டிருக்கும் வரிப்பள்ளம். ஹோண்டா ஈஎக்ஸ் 5 போன்ற வண்டிகளின் பிளக்கில் மரைப்பகுதியின் விட்டம் 10 மில்லிமீட்டர், நீளம் 12.7 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று பிளக் உள்ளே இறங்குகிறது. ஆக, ஏறத்தாழப் பன்னிரண்டு சுற்று. பெட்ரோல் எரிந்து வெடிக்கும் ஒவ்வொரு முறையும் பிளக்கை வெளியே தள்ளும் விசை, முழு வேகத்தில் ஏறத்தாழ 30 கிலோ எடைக்குச் சமம். இயந்திரம் நிமிடத்திற்கு 6000 முறை சுழன்றால், இந்த இடி விநாடிக்கு ஐம்பது முறை விழும். அதைத் தாங்கி நிற்பவை அந்தப் பன்னிரண்டு மெல்லிய வரிகள்தாம்.

இவ்வளவு மென்மையான உலோகத்தை ஏன் அங்கே வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். அலுமினியத்தின் எடை அதே அளவு இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வெப்பத்தையும் இரும்பைவிட விரைவாகக் கடத்தும். நீர் சுற்றாமல் காற்றால் மட்டுமே குளிரும் சிறிய இயந்திரத்திற்கு அது பெரிய வரம். ஆனால், பிளக்கின் மரை எஃகு. துளையின் மரை அலுமினியம். இரண்டும் மோதினால் எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சூடேறினால் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியவும் செய்யும். இயந்திரம் ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கற்பனை இளைஞனிடம் திரும்புவோம். அப்பா அன்று பக்கத்து வீட்டுக்காரரோடு வேலைக்குப் போய்விட்டார். வண்டி எப்படியோ கிளம்பியது. ஆனால், பிளக்கின் ஓரத்தில் ‘புஸ், புஸ்’ என்று காற்று கசிந்தது. கறுப்பு எண்ணெய் தெறித்தது. முதல் ஏற்றத்தில் ‘படார்’ என்ற ஒலியோடு பிளக் துளையை விட்டுத் துள்ளி, மின்கம்பியில் தொங்கியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனான். புதிய சிலிண்டர் ஹெட் வாங்க வேண்டுமென்றால் வீட்டில் என்ன சொல்வது என்பதே வழியெல்லாம் அவன் கவலை.

பட்டறைக்காரர் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதன் வரிகளில் வெள்ளி நூல் சுற்றியதுபோல் அலுமினியம் ஒட்டியிருந்தது.

“எப்படித் தம்பி ஆச்சு?”

“தெரியல மாமா. தானா கழண்டு வந்திருச்சு.”

“சரி. பூட்டும்போது விரலால எத்தனை சுற்றுப் போச்சு?”

அவன் பதில் சொல்லவில்லை. அவர் காத்திருந்தார்.

“ஒரு சுற்றும் போகல மாமா. நேரா ஸ்பேனர் போட்டுட்டேன்.”

அவர் திட்டவில்லை. அவருக்கு வேண்டியது அந்தப் பதில்தான். பிளக் கோணலாக ஏறியதென்றால் வெளிப்பக்கத்து வரிகள்தாம் முதலில் கெட்டிருக்கும். உட்பக்கத்தில் சில வரிகள் பிழைத்திருக்கலாம். நேராகப் போய் அளவுக்கு மீறி இறுகியதென்றால் எல்லா வரிகளுமே இழுபட்டிருக்கும். எது நடந்தது என்று தெரியாமல் துளையில் கை வைத்தால் மிஞ்சியிருப்பதும் போய்விடும். நோயாளி மறைத்தால் வைத்தியர் என்ன செய்ய முடியும்?

சிலர் இந்த இடத்தில் பசை தடவியோ நாடா சுற்றியோ பிளக்கை ஒட்டப் பார்ப்பார்கள். பிளக்கின் சூடும் வெடிப்பின் அழுத்தமும் அந்தப் பசைக்கு ஒரு ஏற்றம்கூடத் தவணை கொடுக்காது.

பட்டறைக்காரர் சிலிண்டர் ஹெட்டையே கழற்றினார். துளையைச் சீராக்கும்போது விழும் அலுமினியத் துகள் உள்ளே போனால் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். கழற்றிவிட்டால் அந்தப் பயமில்லை. ஏற்கெனவே ஏதாவது உள்ளே விழுந்திருக்கிறதா என்று பிஸ்டனின் தலையையும் துடைத்துப் பார்த்தார். பிறகு மரையைத் துலக்கும் கருவியை உட்பக்கத்திலிருந்து, அதாவது வரிகள் கெடாமல் இருக்கக்கூடிய பக்கத்திலிருந்து செலுத்தினார். நல்ல வரி கெட்ட வரிக்கு வழிகாட்டும் என்பது கணக்கு. பல வண்டிகள் இந்த ஒரு வேலையிலேயே பிழைத்துவிடும். இங்கே முடியவில்லை. மூன்று வரிகள் தவிர மற்றவை தூளாகிவிட்டன.

எஞ்சிய வழி, துளையைச் சற்றுப் பெரிதாக்கி அதற்குள் ஒரு சுருளை வைப்பது. ஹெலிகாயில் என்ற பெயரில் பரவிய முறை இது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் ஆன அந்தச் சுருளின் வெளிப்புறம் அலுமினியத் துளையின் புதிய மரையில் பொருந்தும். உட்புறம் பிளக்குக்கு மரையாக அமையும். இரண்டாம் உலகப் போர்க்கால விமான இயந்திரங்களின் அலுமினிய சிலிண்டர்களிலும் பிளக் துளைகளுக்கு இத்தகைய சுருள்கள் பொருத்தப்பட்டன. வானில் பறந்த பெரிய இயந்திரங்களின் வைத்தியம் கேமரன் மலைக் காப்சாய்க்கும் பொருந்துகிறது.

புதிய மரையை வெட்டுவதுதான் நெஞ்சு படபடக்கும் வேலை. வெட்டும் கருவி இம்மி சாய்ந்தாலும் பிளக் என்றென்றும் சாய்ந்தே நிற்கும். அவர் கருவியின் பள்ளங்களில் கிரீஸ் பூசினார். துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். மூலைமட்டத்தை வைத்து நேர் பார்த்தார். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று மெல்ல நகர்த்தினார். நடுவில் ஒரு வாடிக்கையாளர் வந்து கூப்பிட்டபோதும் தலை நிமிரவில்லை. பின்னர்ச் சுருளைத் திருகி உள்ளே அனுப்பினார். துளையைவிடச் சற்றே பெரிதான சுருள் அது. சுருங்கி உள்ளே போய், விரிந்து கவ்விக்கொள்ளும். வெளி விளிம்புக்கு அரை வரி கீழே அது நின்றது. உள்முனையும் எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. நீட்டியிருந்தால் அந்தக் கம்பி பழுக்கக் காய்ந்து, தீப்பொறிக்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும்.

ஹெட் மீண்டும் ஏறியது. பிளக்கைப் பூட்டும் வேலை மட்டும் இளைஞன் கைக்கு வந்தது. பட்டறைக்காரர் பழைய பெட்ரோல் ரப்பர்க் குழாயில் ஒரு சாண் வெட்டி, புதிய பிளக்கின் தலையில் மாட்டிக் கொடுத்தார்.

“இதைப் பிடிச்சுத் திருகு. நேரா போனா போகும். கோணலா போனா ரப்பர் வழுக்கும். உன் பலம் உள்ளே போகாது.”

முதலில் பின்பக்கமாகத் திருப்பினான். ‘டக்’ என்று வரி வரியில் விழுவது விரலுக்குத் தெரிந்தது. பிறகு முன்பக்கம். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணினான். பன்னிரண்டுவரை ரப்பர் ஒரு முறையும் வழுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். இந்தப் பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். ஒரு மீட்டர் நீளக் கோலின் நுனியில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தொங்கவிட்டால் உண்டாகும் திருகுவிசை அவ்வளவுதான். குட்டையான ஸ்பேனரை மணிக்கட்டால் மட்டும் இழுத்துப் பார்த்தபோது, “போதும், விடு” என்றார் அவர்.

மாலையில் அப்பா வந்தபோது வண்டி வாசலில் நின்றது. ரப்பர்க் குழாய் இருக்கைக்குக் கீழே, ஸ்பேனரோடு கட்டப்பட்டிருந்தது.

“இது என்னடா?”

“உட்காருங்கப்பா. காலையில நான் என்ன பண்ணேன்னு சொல்றேன்.”